நாற்பது தாளிலும் "உப்பு குறைவு"

"ஆரோக்கியமானவர்" என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வார்த்தையை நாற்பது பேருக்கு என் கையாலேயே எழுதிக் கொடுத்தவள் நான். அந்த நாற்பதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

பரளச்சிக்குத் தெற்கே எங்கள் ஊர். மழையை நம்பிக் கம்பும் மிளகாயும் மல்லியும் போடுகிற கரிசல் காடு. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது என் வேலை. தோளில் ஒரு பை, அதில் மெஷினும் மாத்திரை அட்டைகளும் ஒரு நோட்டும். ஊரில் யாருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். யார் மாத்திரையை விழுங்குகிறார்கள், யார் விழுங்கியதாகச் சொல்லிவிட்டுக் கூரைமேல் எறிகிறார்கள் என்பதும் தெரியும். என் தலையைக் கண்டதும் கொல்லைப்புறமாக நழுவுகிற ஆம்பளைகளை வேலிக்கு அந்தப் பக்கமே போய் மடக்கி, கையில் பட்டையைச் சுற்றியிருக்கிறேன். இவ்வளவு விவரமானவள் என்று எனக்கே என்மேல் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

போன பங்குனியில் வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நோய் நொடி இல்லாத, முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குட்பட்ட நாற்பது பேர் வேண்டுமாம். நோயாளிகளைத்தானே எல்லோரும் தேடுவார்கள், இவர்களுக்கு எதற்கு நல்லா இருக்கிறவர்கள் என்று கேட்டேன். நோய் வருவதற்கு முன்னாலேயே சிலருக்கு ரத்தக்குழாய் விறைத்துப்போகிறது, அது எதனால் என்று பார்க்கப்போகிறோம் என்றார்கள். அவர்கள் வருவதற்குள் நாற்பது பேருக்கும் நான் படிவம் நிரப்பி வைக்க வேண்டும். வயசு, எடை, பீடி சிகரெட், குடி, தூக்கம், உடற்பயிற்சி, மனக்கவலை, பெற்றவர்களுக்கு இருந்த நோய், சாப்பாட்டில் உப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம் இருக்கும், சரியான கட்டத்தில் டிக் போட வேண்டும்.

நல்ல கேள்விகள்தான் போங்கள். உச்சி வெயிலில் மிளகாய்க்குக் களை வெட்டிவிட்டு வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், "உடற்பயிற்சி செய்வீங்களா மதினி?" என்று கேட்டேன். அவள் கூட இருந்தவளைப் பார்த்து, "ஏத்தா, நம்ம செய்றதுக்கு அப்பிடி ஒரு பேரு இருக்காம்ல?" என்றாள். மனக்கவலை உண்டா என்று கேட்டதற்கு, "எந்தக் கவலையக் கேக்குற, வரிசையாச் சொல்லவா?" என்று உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டேதான் டிக் போட்டேன்.

உப்புக் கேள்விக்கு வந்தபோது மட்டும் யாரும் யோசிக்கவில்லை. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்டம். "கொறைவுன்னு போடு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "எங்க வீட்ல ஒரு பாக்கெட்டு உப்பு ரெண்டு மாசம் வரும்" என்று பெருமையாகச் சொன்னாள் ஒருத்தி. பொய் இல்லை. என் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் ஊரில் சோற்றுக்கு உப்புப் போடுகிற வழக்கமே கிடையாது. குழம்புக்கு மட்டும் விரல் நுனியில் கொஞ்சம். ஆகவே நாற்பது தாளிலும் உப்பு குறைவு என்று டிக் போட்டேன். இவ்வளவு ஒழுக்கமாகச் சாப்பிடுகிற ஊர் இந்தப் பக்கத்தில் வேறு இருக்காது என்று மனசுக்குள் சந்தோஷம் வேறு.

சமுதாயக்கூடத்தில் வைத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு நாள். ஜீப்பில் மெஷினோடு சேர்த்து, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கின. அது பத்தாதென்று ஊர்ச் சார்பில் நாங்களும் அவர்களுக்காக நான்கு கேன் தண்ணீர் வாங்கி, கேன்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தோம். வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் அல்லவா.

முதல் நாள் மதியம் என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்தார்கள். அவருக்கு நாற்பத்திநாலு வயது. அருப்புக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. ஒட்டிய வயிறு, ஓடி பஸ் பிடிக்கிற கால். பீடி கிடையாது. குடி கிடையவே கிடையாது. அவருடைய அப்பா குடித்தே செத்தவர். கண்மாய்க் கரையில் கிடந்த அப்பாவைப் பன்னிரண்டு வயதில் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இவர். அன்றைக்கு எடுத்த முடிவு. பட்டறையில் கூட வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமை சாயந்திரம் கடைக்குப் போவார்கள். இவர் பஸ்ஸுக்கு வந்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்பே இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டையைச் சுற்றினார்கள். நான்கும் ஒரே நேரத்தில் உப்பி இறங்கின. பெட்டியில் கோடு கோடாக ஓடியது. டாக்டர் இளவயசுப் பையன்தான், சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. கோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தடவை பட்டையைச் சுற்றச் சொன்னார். பிறகு, "அண்ணே, உங்களுக்கு வயசு நாப்பத்திநாலு. ஆனா ரத்தக்குழாய் அறுபது வயசுக்காரருக்கு இருக்குற மாதிரி இருக்கு" என்றார்.

அது எப்படி, போன வாரம்கூட நான்தானே பிரஷர் பார்த்தேன், எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தாலும் தாண்டவில்லையே என்றேன். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இதயம் ஒரு தடவை துடித்தால் அந்தத் துடிப்பு கணுக்காலுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று இந்த மெஷின் பார்க்கிறது. குழாய் இளக்கமாக இருந்தால் மெதுவாக வரும். விறைத்திருந்தால் சட்டென்று வந்துவிடும். வேகம் என்றால் நல்லது என்று நினைத்திருந்தவளுக்கு அது புதுச் செய்தி. வெயிலில் கிடந்து கிடந்து மடக்கினால் ஒடிகிற ஓஸ் பைப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. இப்படியே விட்டால் இதயத்துக்கும் மூளைக்கும் சிரமம் வரும் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. டாக்டர் நான் நிரப்பிய படிவத்தை எடுத்துப் புரட்டினார்.

"பீடி, சிகரெட்?"

"கெடையாது சார்."

"குடி?"

"தொட்டதில்ல."

"எப்பவாச்சும்? பொங்கல், தீபாவளின்னு?"

"தொட்டதே இல்ல சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "புகை இல்ல, எடை சரி, நாள் முழுக்க உடம்பு உழைப்பு, உப்பும் குறைவு. இவ்வளவு ஒழுங்கா இருக்குறவருக்கு இப்படி வராதே அண்ணே. வீட்டம்மா பக்கத்துல நிக்கிறாங்கன்னு சொல்ல மாட்டேங்குறீங்க போல" என்று சிரித்தார்.

கூடத்தில் இருபது பேராவது இருந்தோம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய படிப்புப் படித்தவர் சிரிக்கிறார், கூடச் சிரிப்பதுதான் மரியாதை என்று நினைத்தேனோ என்னவோ. என் வீட்டுக்காரர் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

அதோடு நான் விட்டிருந்தால் பரவாயில்லை. விடவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்று எனக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். ஊரில் எத்தனை பேர் "மாத்திரை போட்டேன்" என்று என்னிடம் சத்தியம் செய்து, மெஷினைக் கட்டியதும் மாட்டியிருக்கிறார்கள். அதே கண்ணோடு வீட்டுக்காரரையும் பார்க்க ஆரம்பித்தேன். சாயந்திரம் வந்தவுடன் கையில் செம்பைக் கொடுக்கிற சாக்கில் முகத்துக்குப் பக்கத்தில் போய் மூச்சை மோந்தேன். துவைக்கப் போடுகிற சட்டையை மோந்தேன். துணிப் பெட்டியையும் சாப்பாட்டுப் பையையும் அவர் குளிக்கிற நேரத்தில் துழாவினேன். அவர் தினமும் தூக்கிக்கொண்டு போகிற ஆறு லிட்டர் பிளாஸ்டிக் ஜக்கைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஊரில் போர் போட்டு எடுக்கிற நிலத்தடித் தண்ணீரைத்தான் அதில் பிடித்துக்கொண்டு போவார். பட்டறையில் கேன் தண்ணீர் உண்டு. அது சப்பென்று இருக்கிறது, வெல்டிங் சூட்டுக்குத் தாகம் அடங்கமாட்டேன் என்கிறது என்று சொல்வார். அந்த ஜக்கை நாக்கில் வைத்துப் பார்க்காமல் மூக்கில் வைத்துப் பார்த்தவள் நான். தேடியது கைக்குள்ளேயே இருந்தது, நான் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் துணி எடுக்கப் போகிற மாதிரி அருப்புக்கோட்டைக்குப் போய், பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் நைசாக விசாரித்தேன். அந்த ஆள் அதை அப்படியே அவரிடம் ஒப்பித்துவிட்டார். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீக்கடையில என்ன கேட்ட?"

"சும்மா, வேலையெல்லாம் எப்பிடின்னு..."

"இந்தா." குனிந்து முகத்தை என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தார். "நல்லா மோந்து பாரு. ஒளிஞ்சு ஒளிஞ்சு எதுக்குப் பாக்குற? நேராவே பாரு."

இரும்பு கருகிய வாசம்தான் அடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் சோறு போடு என்று கேட்கவில்லை. சட்டியைத் திறந்து அவரே போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவார். பிள்ளைகள் இரண்டும் வெளியூர் விடுதியில். ஆட்டுக்குத் தழை, கரண்டு பில்லு என்று அவசியமானது மட்டும் பேசுவார். சண்டை போட்டால்கூட எனக்குத் தெம்பு வரும், அதற்கும் வழியில்லை. எப்போதடா இந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார் என்று ஒரு பக்கம் பயம். நான் பயப்படுவதை அவரிடம் காட்டிக்கொள்ளக்கூட எனக்கு முகம் இல்லை.

ஆடி கழிந்து ஆவணியில் பாலவனத்தத்தில் என் அக்கா வீட்டில் ஒரு காதுகுத்து. அக்காவுக்குக் கூப்பிட்டவர்களைக் கவனிக்கவே நேரமில்லை. முதல் நாள் மதியச் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். இருபது பேருக்குச் சோறு, சாம்பார், கத்திரிக்காய்க் கூட்டு. வழக்கம்போலச் சோற்றுக்கு உப்பு இல்லை, சாம்பாருக்கு விரல் நுனியில் கொஞ்சம். பருப்புக்குக் கொஞ்சம் ஆப்பச்சோடா. எங்கள் ஊரில் சோடா போடாமல் பருப்பு வேகாது, என் கை அதற்குப் பழகியிருந்தது. மூடியைத் திறந்தால் பருப்பே இல்லை, கரைந்து கஞ்சியாகிக் கிடந்தது. கைதவறிக் கூடப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு புளியைக் கரைத்து ஊற்றினேன்.

பந்தியில் உட்கார்ந்த அத்தான் முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்தார். "என்ன கொழுந்தியா, ஊருக்கெல்லாம் பிரஷர் மாத்திர குடுத்துக் குடுத்து எங்களுக்கும் பத்தியச் சாப்பாடா? ஒரு கல்லு உப்பு இல்லையே?"

நான் நம்பவில்லை. அடுத்தவர் சொன்னார், அதற்கடுத்தவரும் சொன்னார். கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பந்திக் கடைசியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் சமைத்ததைக் குறைசொல்லிப் பழக்கம் இல்லாதவர். என்னோடு பேசவும் மாட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் உப்பை வாங்கிச் சோற்றில் ஒரு கை போட்டுப் பிசைந்தார். தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இங்கயும் சப்புன்னுதான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அதே கை, அதே அளவு. ஊரில் சரியாக இருக்கிற சாம்பார் இங்கே எப்படி உப்பில்லாமல் போகும்?

பின்கட்டுக்குப் போனேன். பஸ்ஸில் குடிக்க ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அக்கா வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தேன். பிறகு என் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு. மறுபடி குழாய். மறுபடி பாட்டில். இரண்டாம் தடவை பாட்டிலில் குடித்ததை என்னால் விழுங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்த முதல் வாரம் இதே தண்ணீரை விழுங்க முடியாமல் குமட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. "பழகிரும்" என்றார்கள். பழகிவிட்டது.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். தெரியாத விஷயமா இது? குடத்தில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகாது. வாய்க்கு வாய் "உப்புத்தண்ணி" என்றுதான் அதைச் சொல்கிறோம். ஆனால் சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்று கேட்டால் கடையில் வாங்குகிற பாக்கெட்டை மட்டும் எண்ணிப் பார்த்துக் குறைவு என்கிறோம். பாக்கெட்டு இரண்டு மாதம் வருவதில் பெருமை வேறு. அந்தத் தண்ணீரில் சமைத்து, அதையே ஆறு லிட்டர் குடித்து, சூட்டில் நின்று வேலை பார்த்த மனுஷனைத்தான் நான் மோந்து பார்த்திருக்கிறேன்.

மறுநாளே டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாத் தாளிலும் உப்பைத் தப்பாக எழுதிவிட்டேன், திருத்த வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி மேல அனுப்பியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது. ஐப்பசியில மறுபடி வருவோம், அப்ப பாத்துக்கலாம்."

"ஒங்க ஃபாரத்துல தண்ணியப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே சார்."

"எல்லா ஊருக்கும் ஒரே ஃபாரம்தாம்மா."

எல்லா ஊருக்கும் ஒரே ஃபாரம். எல்லா ஊருக்கும் ஒரே தண்ணீரையும் கொடுத்துவிட்டு அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது.

வீட்டுக்காரரிடம் போய், "தண்ணிதாங்க காரணமா இருக்கும்போல" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கேன் தண்ணீரில் சமைத்தேன், உப்பை அளந்து போட்டேன், சோடாவை நிறுத்திவிட்டுப் பருப்பை முதல்நாளே ஊறப்போட்டேன். ஜக்கில் கேன் தண்ணீர் பிடித்து வைத்தால் அவர் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போர்க் குழாயில் பிடித்துக்கொண்டு போவார். நான் மறுநாளும் கேனில் பிடித்து வைப்பேன். ஒரு வாரம் இப்படியே நடந்தது. எட்டாவது நாள் அவர் ஊற்றவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

ஊரிடமும் சொன்னேன். குழாயடியில் நின்று, எல்லோருமாக எழுதிக் கேட்போம், நல்ல தண்ணீர்க் குழாய் நம்ம ஊருக்கும் வர வேண்டும், ரத்தக்குழாய் விறைக்கிறதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று சொன்னேன். பெண்கள் காது கொடுத்தார்கள். வார்டு மெம்பர் வந்தார். வயதில் மூத்தவர், என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை.

"இந்தாத்தா, கொஞ்சம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அடுத்த முகூர்த்தத்துக்கு நம்ம ஊர்ல மூணு வீட்ல பொண்ணு பாக்குறோம். இந்த ஊருத் தண்ணி குடிச்சா நரம்பு வெறச்சுப்போகும்னு நீ ஃபாரத்துல ஏத்திவிட்டா எவன் பொண்ணு குடுப்பான்?"

பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கலைந்துபோனார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியவில்லை. தண்ணீர் சரியில்லாத ஊருக்குப் பெண் கொடுக்க எங்கள் பக்கத்தில் யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்வீட்டார் வருகிற அன்றைக்கு, சமையலுக்கும் காப்பிக்கும் வேறு ஊரிலிருந்து தண்ணீர் வரும். அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் குடம் குடமாக வந்தது, இப்போது கேனில் வருகிறது. என்னைக் கொடுக்க வந்த அன்று என் அப்பா இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "பருப்பு பூவா வெந்திருக்கு, ஊர்ல தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அவர் விவரமாகத்தான் பார்த்தார், பருப்பை வைத்துத்தான் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. வந்த பிறகு நான் அழுதேன். பிறகு என் கொழுந்தனுக்குப் பெண் கேட்டு ஆட்கள் வந்தபோது, கொண்டுவந்த தண்ணீரில் நானே காப்பி போட்டுச் சிரித்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்ணும் வந்து அழுதாள். "பழகிரும்" என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

மற்றவர்கள்மேல் இருந்த கோபத்தையெல்லாம் எங்கேயாவது கொட்டிவிடலாம். இதை எங்கே கொட்டுவது?

ஐப்பசியில் அவர்கள் வந்தார்கள். அதே நாற்பது பேர், அதே மெஷின், புதிதாக அச்சடித்த அதே படிவம். பாட்டில் பெட்டியும் வந்தது. ஊர்ச் சார்பில் கேனும் டம்ளரும் அதே இடத்தில் இருந்தன. இந்தத் தடவை நான் எல்லாப் படிவத்திலும் அடியில் என் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். குடிப்பதும் சமைப்பதும் போர்த் தண்ணீர், உப்புத் தண்ணீர், பருப்புக்கு ஆப்பச்சோடா. என் வீட்டுக்காரரின் தாளில் மட்டும், ஆவணியிலிருந்து கேன் தண்ணீர் என்று சேர்த்திருந்தேன்.

டாக்டர் முதல் தாளை எடுத்ததும் முகம் மாறியது. "இப்படியெல்லாம் எழுதக்கூடாதும்மா. கட்டத்துக்கு வெளிய எழுதுனா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மெம்பர், "அது சும்மா எழுதுது சார். எங்க ஊர்ல நல்ல தண்ணிதான். அந்தா இருக்கு பாருங்க, குடிச்சுப் பாருங்க" என்று கேனைக் காட்டினார்.

கேன்மேல் இருந்த டம்ளரை எடுத்தேன். வெளியே போய்ப் போர்க் குழாயைத் திறந்து நிறையப் பிடித்துக்கொண்டு வந்து டாக்டர் முன்னால் வைத்தேன்.

"இதக் குடிங்க சார்."

"இல்லம்மா, எங்ககிட்ட பாட்டில் இருக்கு."

"தெரியும் சார். போன தடவ ரெண்டு நாளு இங்க ஒக்காந்து எங்களுக்கு என்னன்னு பாத்தீங்க. எங்க தண்ணிய ஒரு மடக்குக் குடிச்சீங்களா? தூக்கத்தக் கேட்டீங்க, கவலையக் கேட்டீங்க, குடியக் கேட்டீங்க. இதக் கேட்டீங்களா?"

மெம்பர் என்னமோ அதட்டினார். நான் திரும்பவில்லை. டாக்டர் மரியாதைக்காகத்தான் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தால் அவமரியாதை என்று நினைத்திருப்பார். ஒரு வாய் ஊற்றினார். கன்னம் உப்பியபடி அங்கும் இங்கும் பார்த்தார். எழுந்து ஜன்னலுக்குப் போய்த் துப்பினார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இத இவுக ஒரு நாளைக்கு ஆறு லிட்டரு குடிச்சாக சார்" என்று வரிசையில் நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டினேன். "வெல்டிங் சூட்டுல நின்னுக்கிட்டுக் குடிச்சாக. இவுகளப் பாத்துத்தான் அன்னைக்கு வீட்டம்மாவுக்குப் பயந்து பொய் சொல்றாருன்னு சிரிச்சீங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்."

அந்த டாக்டர் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்காரரிடம் போய், "அண்ணே, அன்னைக்கு நான் பேசுனது தப்பு" என்றார். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வெயில், வயசு, பெற்றவர்கள் வழி என்று பலதும் சேர்ந்து வருவது இது, ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்றார். ஒரு காலிப் பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்து ஊர்ப் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டார். நான் எழுதிய எதையும் அடிக்கவில்லை. மெம்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று கல்யாணமும் நின்றால் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள், வரட்டும்.

என் வீட்டுக்காரருக்கு மெஷின் போன தடவையைவிட விறைப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. விறைத்தது முழுக்கப் பழையபடி இளகும் என்று சொல்ல முடியாது, இதற்குமேல் விறைக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு கெத்து. ஊரையே எதிர்த்து அவருக்காகப் பேசிவிட்டோம், இனிமேலாவது பேசுவார் என்று. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் பேச்சை எடுத்தார்.

"டாக்டரு நம்பிட்டாரு."

"ஆமாங்க."

"நம்ம ஊருத் தண்ணி பாலவனத்தத்துத் தண்ணி மாதிரி இருந்து, மெஷினு இதே மாதிரி காட்டிருந்தா?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

"காரணம் ஒண்ணுமே கெடைக்கலேன்னா, அப்பவும் என்னைய நம்பிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவரும் ஏற்றுக்கொண்டிருப்பார். கொண்டுவந்த தண்ணீரில் போட்ட காப்பியை நீட்டுகிற மாதிரி சிரித்த முகத்தோடு அதை நீட்டியிருக்கலாம். எனக்கு அதில் பழக்கமும் இருக்கிறது.

"நம்பிருக்க மாட்டேங்க" என்றேன்.

அவர் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வழக்கம்போலச் சட்டியைத் திறப்பார் என்று நான் ஒதுங்கி நின்றேன். திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பசிக்குது. சோத்தப் போடு."

போட்டேன். சாம்பாரை ஊற்றும்போது கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புப் பத்தல."

"பத்தாதுதான். சாப்புடுங்க" என்றேன்.